இன்றைக்கு வந்த லோட்

எங்கள் வீட்டில் யாரும் அலாரம் வைத்தது கிடையாது. நடுச்சாமம் தாண்டி லொறிகள் கியர் மாற்றுகிற சத்தம் கேட்கத் தொடங்கினால் அப்பா எழும்பிவிடுவார். முகம் கழுவி, சாரத்தை மடித்துக் கட்டி, தோளில் துணியைப் போட்டுக்கொண்டு, சுவரில் இருக்கிற அந்தோனியார் படத்தைப் பார்த்து ஒரு சிலுவை அடையாளம். அவ்வளவுதான் அவருடைய செபம். பிறகு சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டுகிற சத்தம். நாங்கள் திரும்பிப் படுத்துக்கொள்வோம்.

நாங்கள் என்றால் இரண்டு பேர். ஒரு ஆள் பேராதனையில் கலைப்பீடம், மற்ற ஆள் உயர்தரம் படிக்கிறது. இதை எழுதுவது ஒரு ஆள்தான். ஆனால் வரிக்கு வரி மற்ற ஆளும் வாசித்து, "இப்பிடி நடக்கல்ல"ன்னு சண்டை பிடித்து, பிறகுதான் இங்கே வந்திருக்கிறது. அதனால் "நாங்கள்" என்றே இருக்கட்டும்.

தம்புள்ளை என்றதும் உங்களுக்குக் குகை விகாரைதான் ஞாபகம் வரும். எங்களுக்கு வெங்காய மணம். 1999இல் திறந்த பொருளாதார மத்திய நிலையம் எங்கள் ஊரின் வயிறு. யாரும் அந்த முழுப்பெயரைச் சொல்றதில்லை, எக்கொனொமிக் என்றால் போதும். நுவரெலியாக் கரட், மாத்தளைப் பக்கத்து மிளகாய், எங்கள் சுற்றுவட்டாரத்துப் பெரிய வெங்காயம் எல்லாம் இராத்திரியில் வந்து இறங்கி, விடிய முன்னமே வேறு லொறியில் ஏறிக் கொழும்புக்குப் போய்விடும். அப்பா அங்கே நாட்டாமை. தமிழ்நாட்டுப் படத்தில் ஆலமரத்தடியில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிற நாட்டாமை இல்லை. இலங்கையில் நாட்டாமை என்றால் மூட்டை தூக்குகிறவர். தாத்தா மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்துக் கூடை நிறுத்தவர், மகன் இங்கே வந்து மூட்டை தூக்கினார்.

2021இல் இரசாயன உரத்தை ஒரேயடியாகத் தடை செய்தபோது லொறிகள் குறைந்தன. 2022இல் டீசல் இல்லாமல் இன்னும் குறைந்தன. அந்த வருஷம் மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. செப்டம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம் என்று நியூஸில் சொன்னார்கள். எங்களுக்கு வீதம் தேவைப்படவில்லை, அம்மா சோற்றுப் பானையில் போடுகிற அரிசியைப் பார்த்தாலே தெரிந்தது. லொறி குறைந்தால் கிடைக்கிற லொறியில் கூடத் தூக்க வேண்டும். ஒரு மூட்டை போதும் என்கிற வயதில் அப்பா இரண்டாகத் தூக்கினார்.

2023 மாசி. எங்களில் மூத்த ஆளுக்கு உயர்தரப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. அன்றைக்குத் தமிழ்ப் பாடம். விடிய முன் நான்கு பேர் அப்பாவைப் பலகையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பலகையில் கால் வழுக்கி, மூட்டையோடு விழுந்திருக்கிறார். யார் பிழையும் இல்லை, மழை பெய்து ஈரம். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, முதுகெலும்பில் இரண்டு இடம் அடிபட்டிருக்கு, இனிப் பாரம் தூக்கவே ஏலாது என்றார்கள். ஆள் எழும்பி நடப்பாரா என்பதைப் பிறகுதான் சொல்ல முடியுமாம்.

பரீட்சைக்குப் போகச் சொல்லி அம்மா அனுப்பினா. போனோம், எழுதினோம். என்ன எழுதினோம் என்று இன்றைக்கும் ஞாபகமில்லை.

*

அதற்குப் பிறகு வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். இந்தக் கட்டுரைக்குக் காரணமே அந்த வரவுதான்.

நாங்கள் கத்தோலிக்கர். கோயிலில் "அருள்" என்போம். அம்மாயி காலத்துச் செபப்புத்தகத்தில் அது "வரப்பிரசாதம்". பக்கத்து வீட்டு அன்ரி போகிற சபையில் "கிருபை". சொல் எதுவானாலும் வந்தவர்கள் எல்லாரும் சொன்ன விஷயம் ஒன்றுதான்: ஆண்டவருடைய கிருபை தாங்கும், பயப்படாதீங்க. முதல் இரண்டு மாதம் அது ஆறுதலாக இருந்தது. ஏழாவது மாதம் அதே வசனத்தை யாராவது சொன்னால் அம்மா சும்மா தலையை ஆட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவா. சிலருக்கு அது ஆறுதல் சொல்கிற வார்த்தையாக இல்லாமல், பேச்சை முடித்து எழும்புகிற வார்த்தையாகப் போய்விட்டது என்பது எங்களுக்கே விளங்கியது. போன் பேசி முடிக்கும்போது "சரி அப்ப" என்போமே, அது மாதிரி.

ஒருவர் ஒரு படி மேலே போனார். நல்ல மனுஷன்தான், பழம் வாங்கிக்கொண்டுதான் வந்தார். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து நீண்ட நேரம் செபித்தார். முடிவில், வீட்டுக்குள் ஏதோ அறிக்கையிடாத பாவம் இருக்கிறது, இல்லாவிட்டால் விசுவாசம் பத்தவில்லை, அதனால்தான் சுகம் தடைப்படுகிறது என்றார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. திரும்ப ஏலாத ஆள் தலையை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்றைக்கு இரவிலிருந்து சிலுவை அடையாளம் போடுவதை நிறுத்திவிட்டார்.

எங்களுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அந்த மனுஷன் மேலே மட்டுமா என்றால், இல்லை. பதினெட்டு வயதுவரைக்கும் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போனோமே, அதன் மேலேயும்தான். துன்பத்தில் கிருபை பெலப்படுத்தும் என்றால் அது எங்கே? அப்பாவின் காலில் வரவில்லை. அம்மாவின் கையிலும் வரவில்லை. அம்மாவுக்குத் தூக்கித் தூக்கித் தோள் மூட்டு போய்விட்டது.

நாங்கள் மட்டும் கேட்ட கேள்வி இல்லை இது என்பது பிறகு வேதாகமத்தைக் கோபத்தோடு வாசித்தபோது தெரிந்தது. (கோபத்தோடு வாசித்துப் பாருங்க, தூக்கம் வராது.) பவுலுக்கு உடம்பில் ஒரு முள் இருந்தது. என்ன முள் என்று அவர் சொல்லவில்லை, வியாதியா வேறெதுவா என்று இரண்டாயிரம் வருஷமாக ஊகித்துக்கொண்டிருக்கிறார்கள். அதை எடுத்துவிடச் சொல்லி மூன்று தரம் கேட்டிருக்கிறார். எடுபடவில்லை. அன்ரியின் சபையில் அடிக்கடி சொல்கிற "கிருபை போதும்" என்பது அந்த மறுப்போடு சேர்ந்து வந்த பதில். எங்களுக்குச் சொன்னவர்கள் பதிலைச் சொன்னார்கள், முள் எடுபடாத கதையை விட்டுவிட்டார்கள். பவுலிடம் போய் விசுவாசம் பத்தவில்லை என்று யாராவது சொல்லியிருப்பார்களா என்று எங்களில் இளைய ஆள் கேட்டது. கெத்செமனித் தோட்டத்தில் இயேசு இதே மாதிரிக் கேட்டு, பாத்திரம் நீங்காமல்தானே எழும்பிப் போனார் என்றும் கேட்டது. பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் பழம் கொண்டுவந்த மனுஷன் மேலிருந்த பயம் போய்விட்டது.

*

2024 ஜூன், அந்தோனியார் திருநாள் காலம். அம்மா வஹகோட்டைக்குப் போக வேண்டும் என்றா. அப்பா வரமாட்டேன் என்றுவிட்டார். அப்போது வோக்கரைப் பிடித்துக் கொஞ்சம் நடப்பார், ஆனால் பஸ் ஏற முடியாது. "எனக்கும் சேத்து நீங்களே கேட்டுட்டு வாங்க"ன்னு சொன்னார். குரலில் கிண்டலா கசப்பா என்று தெரியவில்லை.

வஹகோட்டை எங்கள் மாவட்டத்துக்குள்ளேதான். தம்புள்ளையில் பஸ் ஏறிக் கலேவெலையில் இறங்கி இன்னொரு பஸ். சிங்களக் கிராமம். ஊர் நடுவே அந்தோனியார் கோயில். கூட்டத்தில் நின்று மெழுகுதிரி உருகிக் கையில் ஊற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்ற வயதான அம்மா ஒருவர், பாதித் தமிழும் பாதிச் சிங்களமுமாக ஊர்க் கதையைச் சொன்னார். பிறகு கம்பஸ் நூலகத்தில் தேடி வாசித்ததையும் சேர்த்துச் சொல்கிறோம்.

போர்த்துக்கேயப் படையிலிருந்து பிடிபட்டவர்களைக் கண்டி அரசன் குடியேற்றிய ஊர் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். 1656இல் கொழும்பும் 1658இல் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் கைக்குப் போயின. கத்தோலிக்கக் குருக்களை நாட்டைவிட்டே துரத்தினார்கள். குருவை வீட்டில் மறைத்து வைத்தால் மரண தண்டனை என்று 1658இல் கட்டளை போட்டார்கள். கண்டி இராச்சியத்துக்குள் ஒல்லாந்தர் சட்டம் செல்லாது, ஆனால் அங்கேயும் குரு இல்லை. பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, சாகிறவனுக்கு எண்ணெய் பூச ஆள் இல்லை. யோசித்துப் பாருங்க: கத்தோலிக்க மதத்தில் அருள் வருகிற வழிகள் என்று எதையெல்லாம் படிப்பிக்கிறார்களோ, ஞானஸ்நானத்தைத் தவிர அநேகமாக எல்லாமே அடைபட்டுப் போன காலம். பாடமாக்கிய செபங்களைத் தகப்பன் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தான். பாஷை மறந்துபோனாலும் செபத்தை மறக்காமல் வைத்திருந்தவர்களும் இருந்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறோம்.

அந்த மாதிரி நாட்டுக்குள்தான் 1687இல் கோவாவிலிருந்து யோசே வாஸ் அடிகள் வந்தார். கூலியாள் வேஷம். வழியிலேயே வயிற்றுளைச்சல் பிடித்து, யாழ்ப்பாணத்தில் இறங்கும்போது சாகக் கிடந்தார். எழும்பியதும் பிச்சைக்காரனாக வீடு வீடாகப் போனார். யார் கத்தோலிக்கர் என்று கேட்க முடியாது, கேட்டால் உயிர் போகும். அதனால் செபமாலையைக் கழுத்தில் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு, அதைப் பார்த்து யார் முகம் மாறுகிறது என்று கவனித்தார். சில்லாலையில் கொஞ்சக் காலம் ஒளிந்திருந்தார். 1692இல் கண்டிக்குள் போனபோது போர்த்துக்கேய உளவாளி என்று சிறையில் போட்டார்கள். ஊர் ஊராக அவரும் பின்னால் வந்த கோவாக் குருக்களும் மூப்பர், அண்ணாவி என்று பொதுநிலை ஆட்களை வைத்து, குரு வராத மாதங்களிலும் செபம் நடக்க வழி செய்தார்கள். (எங்கள் பாடத்தில் அண்ணாவி என்றால் கூத்துப் பழக்குகிறவர். அதே சொல் கோயிலுக்குள் இப்படி இருந்திருக்கிறது என்பது எங்களுக்குப் புதுசு.)

ஒரு இடத்தில் எங்களுக்கு வாசிப்பு நின்றுபோனது. கண்டியில் பெரும் வறட்சி வந்தபோது வாஸ் அடிகள் செபித்து மழை பெய்தது என்ற கதை எல்லாருக்கும் தெரியும், படமாகவே வரைந்திருக்கிறார்கள். 1697இல் அதே கண்டிக்குப் பெரியம்மை வந்தது. நோய் கண்டவர்களைச் சொந்தக்காரரே காட்டில் விட்டுவிட்டு ஓடினார்கள். அப்போதும் அவர் செபித்திருப்பார், சந்தேகமில்லை. ஆனால் மழை மாதிரி ஒன்றும் வந்து பெரியம்மையை ஒரே நாளில் கழுவிக்கொண்டு போகவில்லை. அவரும் யோசே கர்வாலோ என்கிற இன்னொரு குருவும்தான் போனார்கள். குடிசை போட்டு, புண்ணைக் கழுவி, சோறு ஊட்டி, செத்தவர்களைப் புதைத்தார்கள். மாதக்கணக்கில் அதையே செய்தார்கள்.

மழைக் கதையை விட இது எங்களுக்குப் பெரிதாகப் பட்டது. காட்டில் கிடந்தவனுக்கு அருள் எப்படித் தெரிந்திருக்கும்? ஒரு கறுத்த மனுஷன் ஒரு சட்டி கஞ்சியோடு குனிந்து உள்ளே வருவதாகத்தான் தெரிந்திருக்கும். அவன் பிழைத்தானா என்பது வேறு கேள்வி.

*

வாஸ் அடிகள் பிறந்த தேதியைப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. 1651 ஏப்ரல் 21.

ஏப்ரல் 21 என்றால் எங்கள் தலைமுறைக்கு ஒரே ஒரு நாள்தான். 2019, உயிர்த்த ஞாயிறு. புது உடுப்போடு பூசை முடிந்து வீட்டுக்கு வந்து, அம்மா கோழிக்கறி வைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டிய, மட்டக்களப்பு சீயோன், கொழும்பில் மூன்று ஹோட்டல்கள். 260க்கு மேற்பட்டவர்கள். பின்னேரம் ஊரடங்கு. எங்கள் வயதுப் பிள்ளைகள் போட்டிருந்த அதே மாதிரி வெள்ளைச் சட்டைகளை டிவியில் பார்த்தோம். அடுத்த ஞாயிறு நாட்டில் எங்கேயும் பூசை இல்லை. கர்தினால் மல்கம் ரஞ்சித் தன் சிற்றாலயத்தில் ஒப்புக்கொடுத்த பூசையை டிவியில் போட்டார்கள். வீட்டில் டிவிக்கு முன்னால் முழங்காலில் நின்றோம். பூசைக்கு இடையில் அம்மா கேஸை ஓஃப் பண்ண எழும்பிப் போனது ஞாபகம் இருக்கிறது.

சீயோன் தேவாலயத்தில் செத்தவர்கள் 30 பேரளவில். அரைவாசிக்குக் கிட்டப் பிள்ளைகள், ஞாயிறு பாடசாலை முடிந்து முற்றத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள். உள்ளே வரப் பார்த்தவனை ஒருவர் மறித்து வெளியே நிறுத்தினார். அதனால் உள்ளே இருந்த நூற்றுக்கணக்கானவர்கள் பிழைத்தார்கள், அவர் பிழைக்கவில்லை. அந்தச் சபையின் போதகர் ரொஷான் மகேசன் பிறகு, எங்களுக்கு வலிக்கிறது, ஆனாலும் மன்னிக்கிறோம் என்ற பொருள்பட வெளிப்படையாகச் சொன்னார். உலகம் முழுக்க அதைப் போட்டார்கள். கிருபையின் பெலன் என்று பிரசங்கங்களில் இன்றைக்கும் சொல்கிறார்கள். அதில் பொய் ஒன்றுமில்லை.

ஆனால் இங்கே எங்களுக்குள் ஒரு வாக்குவாதம் உண்டு, அது இன்னும் முடியவில்லை. எங்களில் ஒரு ஆள் சொல்வது: மன்னிப்புச் சொன்னதை மட்டும் எடுத்துக்கொண்டு, நீதி கேட்கிறவர்களைப் பார்த்து "நீங்க இன்னும் மன்னிக்கல்லையா" என்று கேட்பது அநியாயம். தாக்குதல் வரப்போகிறது என்று முன்கூட்டியே தகவல் வந்திருந்தது. 2023 ஜனவரி 12இல் உயர் நீதிமன்றம், அந்த நேரத்து ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன உட்படப் பொறுப்பிலிருந்தவர்கள் தடுக்கத் தவறினார்கள் என்று தீர்ப்புச் சொல்லி, அவரை 10 கோடி ரூபா கட்டச் சொன்னது. அந்தத் தீர்ப்பு, சும்மா இருந்து கிடைத்ததா? வழக்குப் போட்டவர்களில் தங்கள் பிள்ளைகளையே பறிகொடுத்தவர்கள் இருந்தார்கள். மூன்றரை வருஷம் நீதிமன்றப் படி ஏறி இறங்கிய அந்தக் கால்களுக்குப் பெலன் எங்கிருந்து வந்தது? அதை ஏன் பிரசங்கத்தில் சொல்வதில்லை? ஜெர்மனியில் ஹிட்லருக்கு எதிராக நின்று 1945 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்ட பொன்ஹொஃபர் என்ற இறையியலாளர் 1937இல் எழுதிய புத்தகத்தில் "மலிவான கிருபை" என்று ஒன்றைப் பற்றிச் சொல்கிறார். விலை கொடுக்காமல் எடுத்துக்கொள்கிற கிருபை. அடுத்தவன் துன்பத்துக்கு நாங்கள் சொல்லும் ஆறுதலில் அது நிறையவே கலந்திருக்கிறது.

மற்ற ஆள் சொல்வது: சரி, ஆனால் அந்தப் போதகர் மலிவாகச் சொல்லவில்லையே. பிள்ளைகளைப் புதைத்த கையோடு சொன்னார். அதை வெளியே நின்று நாங்கள் அளக்கக்கூடாது.

இரண்டும் சரி என்று எழுதி முடிக்கலாம்தான். ஆனால் சண்டை அப்படி முடியவில்லை.

கட்டுவாப்பிட்டியக் கோயிலுக்குப் போன வருஷம் போனோம். இரத்தம் தெறித்த உயிர்த்த இயேசு சிலையைக் கழுவாமல் அப்படியே கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். புதுச் சிலை வாங்க முடியாமல் இல்லை. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்த அந்த இடத்தில், உயிர்த்தெழுந்தவரின் வெள்ளை உடுப்பில் அந்தப் புள்ளிகள் இருக்கட்டும் என்று முடிவெடுத்தவர்கள் யாரோ, அவர்களுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவர்களை விடக் கிருபையைப் பற்றிக் கூடத் தெரிந்திருந்தது என்று நினைத்தோம்.

*

அந்த 2019இல் நடந்த இன்னொரு விஷயம். அப்போது எங்களுக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை.

அப்பாவுடைய கூட்டாளி ஒருவர் இருக்கிறார், லொறி நானா என்போம். முஸ்லிம். தம்புள்ளையிலிருந்து குருநாகல் வழியாகக் கொழும்புக்கு மரக்கறி ஓட்டுகிறவர். நாங்கள் இரண்டு பேரும் பிறந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்ததே அவருடைய பழைய லொறியில்தான். மே 12, 13ஆம் தேதிகளில் குருநாகல் மாவட்டத்திலும் மினுவாங்கொடையிலும் முஸ்லிம்களுடைய கடைகளையும் பள்ளிவாசல்களையும் உடைத்துக் கொளுத்தினார்கள். ஊரடங்கு எடுத்த பிறகும் நானா இராத்திரியில் தனியாக ஓடப் பயந்தார். ஓடாவிட்டால் லீசிங் கட்ட முடியாது. ஒரு முஸ்லிம் ஆளுக்குத் தம்புள்ளையில் அந்தப் பயம் புதுசும் இல்லை, 2012 ஏப்ரலில் இங்கே பள்ளிவாசலுக்கு முன்னால் நடந்ததை அவர் பார்த்தவர்.

அப்பா இரண்டு கிழமை மூட்டை தூக்கப் போகவில்லை. சம்பளம் இல்லாமல் நானாவோடு லொறியில் முன்சீற்றில் உட்கார்ந்து கொழும்புக்குப் போய் வந்தார். அம்மா ஏசினா. அப்பா ஒன்றும் விளக்கம் சொல்லவில்லை. ஒன்று மட்டும் செய்தார்: சட்டைக்குள் கிடக்கும் செபமாலையை வெளியே எடுத்து, யார் டோர்ச் அடித்துப் பார்த்தாலும் தெரிகிற மாதிரி நெஞ்சில் போட்டுக்கொண்டார்.

வாஸ் அடிகளைப் பற்றி அப்பாவுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. வஹகோட்டையிலிருந்து வந்து அந்தச் செபமாலைக் கதையைச் சொன்னபோது, "ஆ"ன்னு கேட்டுவிட்டு வானொலியைத் திருப்பினார்.

2023இல் அப்பா விழுந்தபோது பலகையில் தூக்கி வந்த நான்கு பேரில் நானாவும் ஒருவர். அதற்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு தரம், விடிய மூன்று மணிக்கோ நான்கு மணிக்கோ, லொறி எங்கள் ஒழுங்கை முனையில் நிற்கும். ஒரு பேக் தொங்கும் கேற்றில். இரண்டு கரட், கொஞ்சம் போஞ்சி, உடைந்த கோவா, சில நாள் ஒரு மீன் பார்சல். ஹோர்ன் அடிக்கமாட்டார். ஆள் உள்ளேயும் வரமாட்டார். நாங்கள் யாரிடமும் கேட்கவில்லை, அவரும் சொல்லிக் காட்டவில்லை. அந்தப் பேக்கை எடுக்க முறை வைத்து எழும்பினோம். எங்களில் ஒரு ஆள் கம்பஸ் போன பிறகு மற்ற ஆள் தனியாக எழும்பியது.

கிருபை எங்கே என்று ஒன்றரை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். அது வாரத்துக்கு இரண்டு தரம் கேற்றில் தொங்கிக்கொண்டிருந்தது என்று சொன்னால் உங்களுக்குச் சினிமா மாதிரித் தெரியும். எங்களுக்கும் அப்படிச் சொல்லக் கொஞ்சம் கூச்சம்தான். நானா கேட்டால் சிரிப்பார். அவருக்கு அது கடன், இல்லாவிட்டால் கூட்டாளித்தனம், இல்லாவிட்டால் அல்லாஹ்வுக்குச் செய்யும் கடமை. அதற்கு நாங்கள் எங்கள் மதத்துப் பெயரை ஒட்ட முடியாது. ஆனால் அப்பா மூச்சு விட்டுக்கொண்டு இருந்ததற்கு அந்தக் கரட்டும் ஒரு காரணம். அதை எங்கள் பாஷையில் வேறென்னவென்று சொல்ல?

*

போன கார்த்திகையில் ஒரு நாள் லீவுக்கு வந்தபோது, அப்பாவிடம் நேராகவே கேட்டோம். இரண்டு வருஷத்துக்குக் கிட்ட இந்த வலியை எப்படித் தாங்குறீங்க, செபம் பண்றீங்களா இல்லையா?

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "மொத்தமா யோசிச்சா ஏலாது புள்ள. சாகுற வரைக்கும் இப்பிடித்தான்னு யோசிச்சா அன்னைக்கே ஆள் முடிஞ்சிடும். எக்கொனொமிக்ல இன்னைக்கு வந்த லோட்ட இன்னைக்கே இறக்கணும், இன்னைக்கே ஏத்தணும். நாளைக்குன்னு வச்சா அழுகிடும். நாளைக்கு நாளைக்கு லொறி வரும். நான் இன்னைக்குள்ளத இன்னைக்குத் தாங்குறேன். காலைல எந்திரிச்சா அதுக்குள்ளது எப்பிடியோ வந்துடுது. எங்கேருந்து வருதுன்னு நான் பாக்கல்ல."

பாலைவனத்தில் இஸ்ரயேல் சனத்துக்கு விழுந்த மன்னாவைப் பற்றி ஞாயிறு பாடசாலையில் படித்திருக்கிறோம். அன்றன்றைக்குப் பொறுக்க வேண்டும், நாளைக்கென்று எடுத்து வைத்தால் புழுப் பிடித்துவிடும். சின்ன வயதில் அது கடவுள் போட்ட ஒரு விசித்திரமான விதியாகத் தெரிந்தது, ஃபிரிட்ஜ் இல்லாத காலத்துக் கதை. அழுகின வெங்காய மணம் பிடித்த ஊரில் இருந்துகொண்டு, அது எங்களுக்கு விளங்க இத்தனை வருஷம் எடுத்தது. நாங்கள் எதிர்பார்த்தது ஸ்டோர் ரூம் நிறைய மொத்தமாக வந்து இறங்குகிற பெலன். அப்பாவுக்குக் கிடைத்தது ஒரு நாளைக்கு ஒரு கைப்பிடி. மன்னாக் கதையை அவரிடம் சொன்னோம். "அத நான் சொல்லல்ல, நான் லோட்டப் பத்தித்தான் சொன்னேன்"ன்னு சொன்னார். செபம் பண்றீங்களா என்ற கேள்விக்குப் பதில் வரவில்லை.

இப்போது அப்பா காலையில் மூன்று மணித்தியாலம் ஒரு கடையில் உட்கார்ந்து நிறை எழுதுகிறார். கொப்பியில் மூட்டை எண்ணிக்கை, கிலோ, விலை. பாதிச் சம்பளம். முதுகு குணமாகவில்லை, மழை நாளில் அந்த மூன்று மணித்தியாலமும் முடியாது. அம்மாவின் தோளுக்கு மாத்தளையில் கிளினிக் போகிறா. பழம் கொண்டுவந்த மனுஷன் வழியில் கண்டால், "பாத்தீங்களா, விசுவாசம்"ன்னு சொல்கிறார். அப்பா தலையை ஆட்டுகிறார்.

போன கிழமை இரவு நாங்கள் இரண்டு பேரும் வீட்டில் இருந்தோம். மூன்று மணியளவில் லொறி ஒழுங்கை முனையில் வந்து நின்றது. அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். கால் மரத்துப்போய்க் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். அந்தோனியார் படம் இருக்கிற சுவர் அது. இருட்டில் அவருடைய கை நெற்றிக்குப் போனதா, தலையைச் சொறிந்தாரா தெரியவில்லை. நாங்கள் எழும்பவில்லை. வோக்கர் சீமெந்துத் தரையில் தட்டித் தட்டிக் கேற் வரைக்கும் போகிற சத்தம் கேட்டது. பிறகு நானாவின் குரல்: "என்ன, நீயா வந்திருக்க?"